சுவர் தின்ற எட்டு வோல்ட்

அந்தத் தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மீட்டர் என்றால் தபால்காரருக்குக்கூடத் தெரியும். அரை ஷட்டர் போட்ட சின்னக் கடை, உள்ளே வாய் பிளந்து கிடக்கும் இஸ்திரிப் பெட்டிகள், தலை கழற்றிய மின்விசிறிகள், நடுவில் ஸ்டூல் போட்டு அவள். தொழிற்பயிற்சிப் பள்ளியில் எலெக்ட்ரீஷியன் வகுப்பில் அத்தனை பையன்களுக்கு நடுவில் ஒற்றைப் பெண்ணாக உட்கார்ந்து படித்துவிட்டு வந்தவள். அங்கே பழகிய பழக்கமோ என்னவோ, கண்ணுக்குத் தெரிந்ததை வாய் உடனே சொல்லிவிடும். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் நலம் விசாரிப்பதற்கு முன்னால் அண்ணாந்து பல்பைப் பார்ப்பாள். உங்க வீட்டுக்கு வோல்டேஜ் சரியா வரலையே என்பாள். நல்லதுக்குத்தான் சொல்வாள். ஆனால் புது வீடு கட்டிப் பூரித்து நிற்பவரிடம் அதைச் சொன்னால் அவர் முகம் எப்படி இருக்கும்? அது அவளுக்கு எந்த மீட்டரிலும் தெரியாது.

அவளுக்கும் நாத்தனாருக்கும் பேச்சு நின்றதும் இந்த வாயால்தான்.

நாத்தனார் என்றால் கணவனின் மூத்த அக்கா. தையல் கூடம் நடத்துகிறவள். கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிட்டால் ஒரு நூல்கூட அளவு பிசகாது. ஆரம்பத்தில் இரண்டு பேரும் நகமும் சதையுமாகத்தான் இருந்தார்கள். கல்யாணமான புதிதில் தம்பி மனைவிக்குத் தன் கையால் ஒரு கருவிப் பை தைத்துக் கொடுத்தாள். குறடு, டெஸ்டர், ஸ்குரூ டிரைவர் ஒவ்வொன்றையும் ஆளை அளவெடுப்பதுபோல அளவெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பாக்கெட். வாய் ஓரம் பிரிந்துவிடாமல் கட்டம் போட்ட துணியைக் குறுக்காக வெட்டி மடித்து, சாய்வுத் தையல் நெருக்கமாகப் போட்டிருந்தாள். துணி வெளுத்துப் போயிற்று, தையல் மட்டும் இன்றுவரை விடவில்லை.

நாத்தனாரின் கணவரும் எலெக்ட்ரீஷியன். தையல் கூடத்துக்கு வயரிங் போட்டது அவர்தான். திடீரென்று நெஞ்சு வலி என்று போனவர் திரும்பி வரவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் இன்னும் கலையவில்லை, அதற்குள் இவள் அந்தக் கூடத்து போர்டைத் திறந்து பார்த்துவிட்டு, இந்த லைன் இவ்வளவு மெஷினுக்குத் தாங்காது, மாற்றணும் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். சொன்னது உண்மை. சொன்ன இடம்தான் தப்பு. கணவனைப் பறிகொடுத்தவள் எழுந்து நின்று, அவர் வேலையில் குற்றம் கண்டுபிடிக்க வந்தாயா, இனிமேல் உன் மீட்டர் என் கூடத்து வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். இவளும் ரோஷக்காரி. மிதிக்கவில்லை.

நடுவில் மாட்டிக்கொண்டவன் கணவன். அக்காவின் கூடத்துக்கு வேன் ஓட்டுகிறான். அங்கே நடப்பதை இங்கே சொல்லமாட்டான், இங்கே நடப்பதை அங்கே சொல்லமாட்டான். அப்படித்தான் இரண்டு இடத்திலும் அவனுக்குச் சோறு கிடைத்துக்கொண்டிருந்தது. அன்று மட்டும் மத்தியானம் சாப்பிடும்போது வாய் தவறிச் சிரித்துக்கொண்டே ஒன்றைச் சொல்லிவிட்டான். கூடத்தில் மீன் வாடை அடிக்கிறதாம். யார் டப்பாவில் கொண்டுவந்தது என்று பெண்களுக்குள் குடுமிப்பிடி சண்டையாம். போதாக்குறைக்கு மெஷின் விளக்கெல்லாம் கண் சிமிட்டுகிறதாம்.

அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது. பிளாஸ்டிக் சூடேறி இளகும்போது மீன் வாடைதான் வரும். தொழிலில் இருப்பவர்கள் அந்த வாடை வந்தால் சட்டியைத் தேடமாட்டார்கள், சுவரைத்தான் தேடுவார்கள்.

"விளக்கு எப்ப சிமிட்டுது? இஸ்திரிப் பெட்டி போடும்போதா?"

அவன் யோசித்து, ஆமாம் போலிருக்கு என்றான். அவள் கையைக் கழுவினாள், பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். சாப்பாடு அப்படியே கிடந்தது. கூப்பிடாத இடத்துக்குப் போகிறோமே என்ற எண்ணம் தெருமுனையில்தான் வந்தது. அதற்குள் கால் பாதி தூரம் போய்விட்டது.

கூடத்தில் அன்று மூச்சு விட நேரமில்லை. ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை சாயங்காலத்துக்குள் போயாகவேண்டும். முன்வரிசை, பின்வரிசை எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. பின் சுவரை ஒட்டி இஸ்திரி மேசை. அதற்குப் பக்கத்தில் தைத்த துணி ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தது. குவியலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. புதிதாகச் சேர்ந்த, காஜா எடுக்கிற, அதாவது பொத்தான் துளை தைக்கிற பெண்ணின் குழந்தை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் கூடவே கொண்டுவருகிறாள். குழந்தையின் தலைமாட்டுக்கு நேர் மேலே, சுவரில், நாத்தனாரின் கணவர் புகைப்படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்.

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். கத்தரிக்கோல் நின்றது.

"உன்னை யாரு கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடல, அண்ணி. பார்த்துட்டுப் போயிடறேன்."

பார் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நாத்தனார் குனிந்து மறுபடி வெட்ட ஆரம்பித்தாள். கட்டிங் மாஸ்டர்தான், வயதானவர், வாம்மா, இந்த விளக்கு கண்ணைக் கொல்லுது, மின்சார ஆபீஸ்காரன் சரியா விடமாட்டேங்கிறான் போல என்று வழிவிட்டார்.

அவள் முதலில் வாசல் பக்கம் இருந்த போர்டில் அளந்தாள். இருநூற்று இருபத்தெட்டு வோல்ட். மின்சார ஆபீஸ்மேல் பழி போட வழியில்லை. பிறகு உள்ளே வந்து இஸ்திரி மேசை பிளக்கில் அளந்தாள். இருநூற்றுப் பதினெட்டு. கிளம்பின இடத்துக்கும் வந்து சேர்ந்த இடத்துக்கும் நடுவில் பத்து வோல்ட் காணோம். கம்பி நீளத்துக்கு இரண்டு போகட்டும் என்று விட்டுக்கொடுத்தாலும் மிச்சம் எட்டு. அந்த எட்டு வோல்ட் எங்கேயோ ஒரே இடத்தில் உட்கார்ந்து எதையோ சூடாக்கிக்கொண்டிருக்கிறது. வோல்ட் சும்மா காணாமல் போகாது.

மறுபடி போர்டுக்குப் போய், இஸ்திரிக்குப் போகிற கம்பியைக் கவ்வுகிற மீட்டரால் கவ்விப் பார்த்தாள். ஐந்து ஆம்பியர். கணக்கு அவளுக்கு மனதில் தானாக ஓடும். எட்டை ஐந்தால் வகுத்தால் ஒன்று புள்ளி ஆறு ஓம். ஒழுங்கான இணைப்பில் இருக்கவே கூடாத எதிர்ப்பு அது. எட்டை ஐந்தால் பெருக்கினால் நாற்பது வாட். இந்தச் சுவருக்குள் எங்கேயோ ஒரு முடிச்சில் நாற்பது வாட் சூடு.

ஆனால் அன்று அவள் வாயைக் கட்டிக்கொண்டாள். இந்த முறை அவசரப்பட்டு எதையாவது உளறினால் வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டியிருக்கும். அங்கிருந்து எதையும் நிறுத்த முடியாது. அண்ணி, இஸ்திரிப் பெட்டியை மட்டும் கொஞ்ச நேரம் நிறுத்திக்கலாமா என்று எவ்வளவு பணிவாகக் கேட்க முடியுமோ அவ்வளவு பணிவாகக் கேட்டாள். நாத்தனார் முகத்தைச் சுளித்தாள். ஆனாலும் தலையசைத்தாள். பெட்டி அணைந்தது. விளக்குகள் சிமிட்டுவது நின்றது. அப்பாடா என்று கட்டிங் மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவளுக்கு மட்டும் அப்பாடா வரவில்லை. ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்ப்பது அவள் வழக்கம். பிளக்கில் மறுபடி அளந்தாள். இருநூற்று இருபத்தெட்டு காட்டவேண்டும். பெட்டி அணைந்துவிட்டது, அந்தக் கம்பியில் எதுவும் ஓடவில்லை, எதுவும் ஓடாத இடத்தில் எதுவும் தொலையாது. மீட்டர் இருநூற்று இருபத்து மூன்று காட்டியது.

இன்னும் ஐந்து வோல்ட் போய்க்கொண்டிருந்தது.

மீட்டர் வயரின் முள்ளைச் சரியாக வைக்கவில்லையோ என்று அழுத்தி வைத்துப் பார்த்தாள். அதே இருநூற்று இருபத்து மூன்று. பெட்டியை மறுபடி ஒரு நொடி போடச் சொல்லிவிட்டு போர்டுக்கு ஓடினாள். இந்த முறை போகிற கம்பியை விட்டுவிட்டு, திரும்பி வருகிற நியூட்ரல் கம்பியைக் கவ்வினாள். யாரும் அதைக் கவ்விப் பார்ப்பதில்லை. போனதுதானே திரும்பி வரும் என்று ஒரு நம்பிக்கை. மீட்டர் பத்து காட்டியது.

போனது ஐந்து. திரும்பி வருவது பத்து.

யாரோ பின்வரிசை மெஷின்களுக்குத் தனியாக நியூட்ரல் இழுக்கச் சோம்பல்பட்டு, இஸ்திரி லைனின் நியூட்ரலிலேயே வழியில் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். ஒரு கம்பி இரண்டு பேர் பாரத்தைச் சுமந்து வருகிறது. கணக்கைத் திருத்திப் போட்டாள். எட்டு வோல்ட்டைப் பத்து ஆம்பியரால் வகுத்தால் எதிர்ப்பு பாதியாகக் குறைகிறது. கேட்க நல்ல செய்திபோலத்தான் இருக்கும். எட்டைப் பத்தால் பெருக்கினால் எண்பது வாட். சூடு அவள் நினைத்ததைப்போல இரண்டு மடங்கு. பெட்டியை அணைத்தாலும் மெஷின் ஓடுகிறவரைக்கும் அது கனன்றுகொண்டே இருக்கும்.

பெட்டியை அணைக்கச் சொல்லிவிட்டு, நேராகக் காஜா எடுக்கிற பெண்ணிடம் போனாள்.

"குழந்தையை எடும்மா. கேள்வி கேக்காம எடு."

அந்தப் பெண் ஊசியைப் போட்டுவிட்டு ஓடினாள். நாத்தனார் எழுந்து வந்தாள். என்ன நாடகம் இது, சாயங்காலம் துணி போகணும், எல்லாரையும் கலவரப்படுத்துகிறாயா என்றாள். அண்ணி, மெஷினையும் நிறுத்தணும், மெயினை அணைத்துவிட்டுச் சுவரைத் திறக்கணும் என்று இவள் சொல்ல, நாத்தனார் கண் ஒரு நொடி புகைப்படத்தின் பக்கம் போய் வந்தது. அடுத்த நொடி மெயின் போர்டுக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றுவிட்டாள். மெஷின் சத்தம் ஒவ்வொன்றாகக் குறைந்து, பிறகு ஒன்றிரண்டு பேராக மறுபடி ஓட்டினார்கள். யார் சொல்வதைக் கேட்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

"இந்தச் சுவத்துல கை வைக்கக் கூடாது. இது அவர் போட்ட வேலை."

"அண்ணன் வேலையை நான் ஒண்ணும் சொல்லல."

"அன்னைக்கும் மாத்தணும்னுதான் சொன்னே."

நாக்கு நுனிவரைக்கும் பதில் வந்துவிட்டது. தள்ளி நில்லுங்கள் என்று ஒரு தள்ளுத் தள்ளி மெயினை இறக்கிவிடலாம். கைக்கெட்டும் தூரம்தான். இறக்கினால் கூடம் பிழைக்கும், இந்த ஜென்மத்தில் இந்த வீட்டோடு உறவு இருக்காது. அப்படியே போகட்டும், குழந்தை இருக்கிற இடம் என்று ஒரு மனம் சொன்னது. மீன் வாடை குப்பென்று வந்தது. இந்த முறை எல்லாருக்கும் வந்தது. அவள் கையை நீட்டவில்லை. ஒரே ஒரு தடவை, எண்ணைச் சொல்லாமல், அண்ணிக்குத் தெரிந்ததைச் சொல்லிப் பார்ப்போம் என்று தோன்றியது.

"அண்ணி, அண்ணன் ஈயம் பத்தவைக்க ஒரு ராடு வச்சிருந்தாரே, ஞாபகம் இருக்கா? தெரியாம பட்டு உங்க கையில தழும்பு ஆச்சே, அது."

நாத்தனார் இடது கை முழங்கையைத் தானாகத் தொட்டுக்கொண்டாள்.

"அது நாப்பது வாட். இப்ப அந்த மாதிரி ரெண்டு ராடை யாரோ பத்தவச்சு உங்க சுவத்துக்குள்ள சொருகி வச்சிருக்காங்க. காலையிலேர்ந்து. துணிக்குப் பக்கத்துல."

நாத்தனாரின் முகத்தில் ஈயாடவில்லை. போர்டை விட்டு நகர்ந்தாள். விறுவிறுவென்று பின் சுவருக்குப் போனாள். துணிக் குவியலைக் காலால் ஒதுக்கிவிட்டுப் புகைப்படத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கழற்றினாள். படத்துக்குப் பின்னால் சுவரோடு சுவராக ஒரு வயரிங் பெட்டியின் மூடி இருந்தது. ஓரம் இளகி வழிந்திருந்தது. படத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின் அட்டை நடுவில் கருகி, ஓரம் பழுப்பாகி, தொட்டவுடன் உதிர்ந்தது. முன்னால் அவர் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தார்.

"மெயினை இறக்கு" என்றாள்.

இவள் இறக்கினாள். கூடம் முழுக்க நிசப்தம். அத்தனை மெஷினும் ஒரே நேரத்தில் நின்றதில் காது அடைத்துப்போயிற்று. மூடி கையில் பிடிக்க முடியாத சூடு. ஸ்குரூ டிரைவரால் நெம்பினாள். உள்ளே ஒரு பக்கம் அண்ணன் போட்ட இணைப்புகள், முறுக்கி, ஈயம் வைத்து, ஒரே அளவில் சுற்றி, நேற்றுப் போட்டதுபோல. அவற்றுக்கு நடுவில் கருகிய ஒரு முடிச்சு. நியூட்ரலை நடுவில் வெட்டி, இன்னொரு கம்பியைச் சேர்த்து, மூன்று முனையையும் விரலால் முறுக்கியிருக்கிறார்கள். விரல் முறுக்கு எத்தனை நாளைக்கு இறுக்கமாக நிற்கும்? அதற்கு மேல் டேப். கருகின டேப்பைக் கிள்ளி எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

டேப்புக்கு அடியில் துணி. கட்டம் போட்ட துணியைக் குறுக்காக வெட்டி, முடிச்சைச் சுற்றி மடித்து, பிரிந்துவிடாமல் நெருக்கமாகச் சாய்வுத் தையல் போட்டிருந்தது. பாதி கரியாகிவிட்டது. மிச்சம் இருந்த பாதியில் ஒரு தையல்கூட விடவில்லை.

அவள் தோளில் தொங்கிய பையின் வாய் ஓரத்தில் அதே தையல்.

பின்னாலிருந்து காஜா எடுக்கிற பெண் கேட்டாள். குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு, அழுகையும் கோபமுமாக.

"யாரு பண்ணின வேலை இது? என் புள்ளை தலைக்கு மேலயா?"

"பழைய வயரிங்ம்மா" என்றார் கட்டிங் மாஸ்டர் தாழ்ந்த குரலில். "போனவரைத் திட்டி இப்ப என்ன ஆகப்போகுது?"

அத்தனை கண்ணும் இவளைப் பார்த்தன. கண்ணில் பட்டதை எண்ணோடு சொல்லிவிடுகிறவள். இவள் என்ன சொல்கிறாளோ அதுதான் இனி பேச்சு. அவளுக்குக் கோபம் வந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஒரு குழந்தை, இத்தனை பெண்கள், எல்லாரும் இந்தப் பிடிவாதத்துக்குப் பலியாகியிருப்பார்களே என்று கொதித்தது. அந்தக் கொதிப்போடே கையை மூடினாள். துணி முழுக்க விரலுக்குள் மறைந்தது. இன்னும் சூடாக இருந்தது, சுட்டது, விடவில்லை.

"கம்பி பழசாயிடுச்சு. புதுசு இழுக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

அத்தோடு முடிந்திருக்கும். பழி போனவர்மேல் போயிருக்கும், யாரும் அதைத் தோண்டியிருக்கமாட்டார்கள். நாத்தனார் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தாள். கருகின அட்டை உதிர்ந்து புடவையெல்லாம் கரி.

"அவர் கையில குத்தம் இல்லை" என்றாள். "பின்வரிசை மெஷின் அவர் போனப்புறம் வந்தது. நான்தான் முடிச்சுப் போட்டேன். அவர் பண்றதைப் பார்த்திருக்கேன், எனக்கும் வரும்னு நினைச்சேன். போட்டுட்டு மேல படத்தை மாட்டினேன்."

கட்டிங் மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். நாத்தனார் காஜா எடுக்கிற பெண்ணிடம் போனாள். குழந்தையின் காலை ஒரு தடவை தொட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். பிறகு தம்பி மனைவியைப் பார்த்தாள்.

"உன்னைக் கூப்பிட மனசு வரலை. அவ்வளவுதான்."

அவளால் மூடின கையைப் பிரிக்க முடியவில்லை. நாத்தனார்தான் வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். உள்ளங்கை சிவந்திருந்தது. துணியை எடுத்துத் தூரப் போட்டுவிட்டு, குடிக்க வைத்திருந்த தண்ணீரை அந்தக் கையில் ஊற்றினாள்.

கணவன் வேனில் போய்ப் புதுக் கம்பி கொண்டுவந்தான். பின்வரிசைக்குத் தனி நியூட்ரல் இழுக்கவேண்டும். இந்த முனையிலிருந்து ஒருவர் தள்ள, அந்த முனையில் ஒருவர் இழுக்கவேண்டும். யார் இழுப்பது என்று யாரும் கேட்கவில்லை. நாத்தனார் ஸ்டூல்மேல் ஏறி நின்றாள். மெதுவா, அண்ணி. இரு, மாட்டுது. இப்ப தள்ளு. இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டார்கள்.

எல்லாம் முடிந்து மெஷின்கள் ஓட, இஸ்திரிப் பெட்டி சூடேற, அவள் பிளக்கில் முள்ளை வைத்தாள். கை எரிந்ததால் மீட்டரைப் பிடிக்க முடியவில்லை. நாத்தனார் வாங்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிப் படித்தாள்.

"இருநூத்து இருபத்தேழு. போர்டுல இருபத்தெட்டுன்னுதானே சொன்னே?"

"ஆமா."

"இன்னும் ஒண்ணு போகுதே. எங்க போகுது?"

"அது கம்பி எடுத்துக்கறது, அண்ணி. எவ்வளவு நல்லா போட்டாலும் அது போகத்தான் செய்யும். அதனால ஒண்ணும் ஆகாது."

நாத்தனார் மீட்டரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தம்பி மனைவியின் தோளிலிருந்து பையைக் கழற்றி, மீட்டரை அதற்கான பாக்கெட்டில் வைத்தாள். புது மீட்டர், பெரியது, பாதிதான் உள்ளே போயிற்று. நாத்தனார் பக்கத்து மெஷினில் கிடந்த அளவுநாடாவை எடுத்து, மீட்டரின் அகலத்தை அளக்க ஆரம்பித்தாள்.